மனம் வாடும்போது உணவு ஏன் ஒவ்வாமல் போகிறது?

ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர் மருத்துவரின் எதிரில் அமர்ந்து, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுக்கிறார். தமக்கு ஒவ்வாத உணவுகளின் பட்டியல் அது. முதலில் பாலை நிறுத்தினார். வயிற்று உப்புசம் குறையவில்லை. அடுத்துக் கோதுமையை விட்டார். பின்னர் கத்தரிக்காய், முட்டை, வேர்க்கடலை, மீன். இப்போது எஞ்சியிருப்பவை அரிசிக் கஞ்சியும் மோரும் மட்டுமே. ஆறு மாதங்களில் 7 கிலோ எடை குறைந்திருக்கிறது. வலியோ வயிற்றுப்போக்கோ முற்றிலும் நின்றபாடில்லை.

உடன் வந்த மனைவி, “எல்லாம் மனசுதான் டாக்டர். கடையை மூடியதிலிருந்து இவர் எதையோ நினைத்துக்கொண்டே இருக்கிறார். ராத்திரி தூங்குவதே இல்லை” என்கிறார். கணவர் தலை நிமிராமல், “வலிப்பது எனக்குத்தானே தெரியும்? யாரும் நம்புவதில்லை” என்கிறார்.

இது தனியொருவரின் வரலாறு அன்று. இத்தகைய தொல்லையுடன் மருத்துவரை நாடும் பலரிடம் காணப்படுவனவற்றை ஒன்றாக்கிச் சொன்னது. கணவன், மனைவி இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மனத்தின் நிலை குடலிலுள்ள எதிர்ப்பு அமைப்பைத் தொடுகிறது என்பதற்கு இன்று சான்றுகள் உள்ளன. ஆகவே அந்த வலி கற்பனையன்று. ஆனால் அதற்குப் பரிகாரம் தேடி உணவுகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால், நோய் தீராமல் உடல் மட்டும் தேய்கிறது. இவ்விரண்டையும் நோயாளியரும் குடும்பத்தாரும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்களில் தெளிவு வேண்டும்

பேச்சு வழக்கில் ‘மன அழுத்தம்’ என்னும் சொல்லை இரு வேறு நிலைகளுக்கும் பயன்படுத்துகிறோம். கடன், பணிச்சுமை, வீட்டில் ஒருவரின் பிணி, இழப்பு போன்ற நெருக்கடிகளுக்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினையே மன அழுத்தம். மனச்சோர்வு என்பது அதனின்று வேறான ஒரு நோய். இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ, நாளின் பெரும்பகுதியும் துயரம் கவிந்திருப்பது அல்லது எதிலும் நாட்டமற்றுப் போவது, அதனுடன் உறக்கம், பசி, ஆற்றல், கவனம் ஆகியவை குலைவது அதன் இயல்பு. நெருக்கடி நீடித்தால் மனச்சோர்வு உண்டாகலாம். நெருக்கடி எதுவும் இல்லாதவருக்கும் அது வரலாம்.

‘ஒவ்வாமை’ என்னும் சொல்லிலும் இதே குழப்பம் உண்டு. ஓர் உணவு நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதற்குக் குறைந்தது மூன்று வகைக் காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, உண்மையான உணவு ஒவ்வாமை. இறால், முட்டை, வேர்க்கடலை போன்றவற்றில் உள்ள ஒரு புரதத்தைப் பகையென எண்ணி, உடல் ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதத்தை ஆக்கி வைத்திருக்கும். அவ்வுணவை உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு தோன்றும். சிறிதளவு உண்டாலும் எதிர்வினை வரும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

இரண்டாவது, சீலியாக் நோய். கோதுமை, பார்லி ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை உண்ணும்போது, உடலின் எதிர்ப்பு அமைப்பு தன் சிறுகுடலையே தாக்கிச் சிதைக்கும் நோய் இது. இந்தியாவின் பல பகுதிகளில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில், இந்நோய்க்குரிய எதிர்ப்புப் புரதங்கள் வட இந்தியரில் 1.23 விழுக்காட்டினரிடமும் தென்னிந்தியரில் 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டன. நம் பகுதியில் அரிது என்றாலும் இல்லாத நோயன்று.

மூன்றாவது, எதிர்ப்பு அமைப்புக்குத் தொடர்பில்லாத செரிமானக் குறை. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பெரியவர்கள் பலருக்குக் குறைவு. அவர்களுக்குப் பால் உப்புசத்தைத் தரும்; தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். இதில் தொல்லை உண்டு, ஆபத்து இல்லை.

இம்மூன்றிலும் அடங்காமல், எல்லாப் பரிசோதனைகளும் இயல்பாக இருந்தும் உணவுக்குப் பின் வலியும் உப்புசமும் கழிச்சல் மாற்றமும் உடையோர் ஏராளம். அவர்களில் பலருக்கு இருப்பது எரிச்சல்மிகு குடல் நோய். மன அழுத்தமும் மனச்சோர்வும் பெரிதும் கலந்து நிற்பது இவர்களிடத்தில்தான்.

குடலின் பொறுமை

நாம் உண்ணும் ஒவ்வொரு கவளமும் உடலுக்கு அயலானது. பருப்பின் புரதமும் மீனின் புரதமும் நம் உடலில் பிறந்தவை அல்ல. ஒரு கிருமியின் புரதத்தைக் கண்டால் சீறும் எதிர்ப்பு அமைப்பு, இவற்றைக் கண்டு சீறாமல் இருப்பதே வியப்பு. உடலின் எதிர்ப்புச் செல்களில் மிகப் பெரும் பகுதி குடலை ஒட்டியே அமைந்துள்ளது. உணவாக வருபவற்றைப் பொறுத்துக்கொள்ளவும், கிருமியாக வருபவற்றை எதிர்க்கவும் அவை குழந்தைப் பருவத்திலிருந்தே பழகுகின்றன. இதனை உணவுப் பொறுமை எனலாம்.

இப்பொறுமை நிலைக்க இரண்டு தேவை. குடலின் உட்சுவர் செரிக்காத பெரிய துணுக்குகளை உள்ளே விடாமல் காக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் இருக்கும் எதிர்ப்புச் செல்கள் பதற்றமின்றி இருக்க வேண்டும். அவற்றுள் மாஸ்ட் செல்கள் என்பவை ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களை நிரப்பி வைத்திருக்கும் சிறு பைகள் போன்றவை. தூண்டப்பட்டால் உடைந்து கொட்டும். குடல் நரம்புகளின் நுனிகளுக்கு மிக அருகில் இவை அமர்ந்திருப்பதால், இவை கொட்டும் ஹிஸ்டமின் வலியாகவும் முறுக்கலாகவும் உணரப்படுகிறது.

நெருக்கடி குடலை அடையும் வழி

மனத்தின் கொந்தளிப்பு வயிற்றைப் பாதிப்பதை ஒரு மருத்துவர் நேரில் கண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் 1822ஆம் ஆண்டு, அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் தொழிலாளியின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அவர் பிழைத்தார், ஆனால் இரைப்பைக்குச் செல்லும் துளை ஒன்று மூடாமலே நின்றுவிட்டது. அவருக்குச் சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவர் வில்லியம் போமன்ட், அத்துளையின் வழியாக ஆண்டுக்கணக்கில் செரிமானத்தை உற்றுநோக்கி, 1833இல் நூலாக வெளியிட்டார். அவர் சினமுற்ற வேளைகளில் இரைப்பையின் உட்புறத் தோற்றமும் செரிமானமும் மாறியதை அவர் பதிவு செய்தார்.

அதன் வழிமுறை பின்னரே தெளிந்தது. நெருக்கடியை உணரும் மூளை, சிஆர்எச் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அதன் ஏவலால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி கார்டிசாலை வெளியிடுகிறது. சிஆர்எச் மூளையில் மட்டும் வேலை செய்வதில்லை. குடலில் உள்ள மாஸ்ட் செல்களையும் தூண்டுகிறது.

பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதை மனிதரிடம் காட்டியது. நலமாக உள்ள தன்னார்வலர்களைப் பலர்முன் உரை நிகழ்த்தச் செய்தனர். மேடைக் கூச்சத்தால் கார்டிசால் கணிசமாக உயர்ந்தவர்களுக்குச் சிறுகுடல் சுவரின் கசிவு அதிகரித்தது. கார்டிசால் உயராதவர்களுக்கு அதிகரிக்கவில்லை. சிஆர்எச் ஊசி செலுத்தியபோதும் கசிவு மிகுந்தது. மாஸ்ட் செல்களை அமைதிப்படுத்தும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது, உரையும் ஊசியும் அந்த விளைவை உண்டாக்கவில்லை. சில நிமிட மேடைப் பதற்றமே நலமானவரின் குடலில் இவ்வளவு செய்யுமெனில், மாதக்கணக்கில் உறக்கமின்றிக் கடனை எண்ணிக் கிடப்பவரின் குடல் அமைதியாக இருக்கும் என எதிர்பார்க்க இயலாது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ‘கசியும் குடலே எல்லா நோய்க்கும் காரணம்’ என்று கூறிப் பொடிகளும் பானங்களும் விற்போர் பலர். நெருக்கடியில் கசிவு மிகுவது உண்மை. அதை அடைப்பதாகச் சொல்லி விற்கப்படும் பொருள்களால் மனச்சோர்வோ ஒவ்வாமையோ தீரும் என்பதற்குச் சான்று இல்லை.

பொறுமை குலைந்தபின்

அதே லூவென் பல்கலைக்கழகத்தில் கீ பூக்ஸ்டான்ஸ் தலைமையிலான குழு, 2021இல் மற்றொரு முக்கியமான ஆய்வை வெளியிட்டது. எலிகளுக்குக் குடல் தொற்று இருந்தபோது முட்டை வெண்புரதம் ஒன்றை உண்ணக் கொடுத்தனர். தொற்று முழுதும் நீங்கிய பின் அதே புரதத்தை மீண்டும் கொடுத்தபோது, எலிகளின் குடல் வலியுணர்வு மிகுந்தது. தொற்று இல்லாமல் அப்புரதத்தை உண்ட எலிகளுக்கு அவ்வாறு நேரவில்லை. குடல் புண்பட்டிருந்த வேளையில் வந்த உணவையும் எதிர்ப்பு அமைப்பு பகையாகக் குறித்து வைத்துக்கொண்டது என்பதே இதன் பொருள். அதற்குரிய ஐஜிஇ குடலில் மட்டுமே இருந்தது, இரத்தத்தில் பரவியிருக்கவில்லை.

அடுத்து, எரிச்சல்மிகு குடல் நோய் உடைய 12 பேரின் குடல் உட்சுவரில் பால், கோதுமை, குளூட்டன், சோயா ஆகியவற்றின் சாறுகளைச் சிறிதளவு செலுத்திப் பார்த்தனர். 12 பேருக்கும் ஏதேனும் ஒன்றுக்கேனும் அவ்விடத்தில் வீக்கம் உண்டானது. நலமான 8 பேரில் இருவருக்கு மட்டுமே அவ்வாறு நேர்ந்தது.

வாந்திபேதி கண்டு தேறியபின், “அன்று முதல் எனக்கு எதுவும் சேர்வதில்லை” என்று கூறும் நோயாளிகளை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். தோல் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் இயல்பாக இருந்ததால், அவர்களில் பலரிடம் ‘ஒன்றுமில்லை’ எனச் சொல்லி அனுப்பியதுண்டு. குடலுக்குள் மட்டும் நிகழும் எதிர்வினை இரத்தத்தில் தெரியாமல் போகலாம் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது. இது தொற்றைப் பற்றிய ஆய்வு. சிறிய எண்ணிக்கையினரிடம் நடந்தது. எனினும், தொற்றுக் காலத்தில் கடும் மன உளைச்சலிலும் இருந்தவர்களுக்கு இத்தகைய குடல் தொல்லை நிலைத்துவிடும் வாய்ப்பு கூடுதல் என்பது தனியே அறியப்பட்ட உண்மை.

அழற்சி மனத்தைத் தொடுகிறது

இப்பாதையில் போக்குவரத்து இரு திசையிலும் உண்டு. எதிர்ப்பு அமைப்பு விழித்துக்கொள்ளும்போது சைட்டோகைன்கள் என்னும் தூதுப் பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. அவை மூளையை எட்டும்போது சோர்வு, பசியின்மை, தனித்திருக்கும் விருப்பம், எதிலும் இன்பமின்மை ஆகியவை தோன்றுகின்றன. காய்ச்சலில் படுத்திருக்கும்போது நாம் எல்லாரும் உணர்வது இதுவே. நோயுற்ற உடல் ஓய்வெடுப்பதற்கான ஏற்பாடு அது; சில நாள்களில் நீங்கிவிடும். அழற்சி நீங்காதபோது சோர்வும் நீங்குவதில்லை.

புற்றுநோய்ச் சிகிச்சையிலிருந்து இதற்கு வலுவான சான்று கிடைத்தது. தோலில் தோன்றும் மெலனோமா புற்றுநோய்க்கு, எதிர்ப்பு அமைப்பைத் தூண்டும் இன்டர்ஃபெரான் என்னும் மருந்தை மிகுந்த அளவில் கொடுத்து வந்தனர். 2001இல் வெளியான ஆய்வில், அம்மருந்துடன் வெறும் மாத்திரை பெற்றவர்களில் 45 விழுக்காட்டினருக்குக் கடும் மனச்சோர்வு உண்டானது. மனச்சோர்வுக்கான பராக்செட்டின் மருந்தை முன்னதாகவே பெற்றவர்களில் அது 11 விழுக்காடாகக் குறைந்தது. மனத்துயருக்கு உடலின் எதிர்ப்பு அமைப்பும் காரணமாகலாம் என்பதையும், அத்துயரைத் தடுக்க இயலும் என்பதையும் ஒருங்கே இது காட்டியது.

உணவும் நெருக்கடியும் சேரும் இடத்தை, அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீக்கோல்ட்-கிளேசர் குழுவினர் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டனர். 58 பெண்கள் இரு வேறு நாள்களில் வந்து, கொழுப்பு மிகுந்த காலை உணவை உண்டனர். ஒருநாள் அதில் உடலுக்குக் கேடான நிறைகொழுப்பு. மறுநாள் அதே அளவில் நல்லதெனக் கருதப்படும் ஒருவகைச் சூரியகாந்தி எண்ணெய். முந்திய நாளில் மனத்தை வருத்தும் நிகழ்வு எதுவும் இல்லாதவர்களுக்கு, எதிர்பார்த்தபடியே சூரியகாந்தி எண்ணெய் உணவுக்குப்பின் இரத்தத்தில் அழற்சிக் குறிகள் குறைவாக இருந்தன. முந்திய நாளை மனவருத்தத்தில் கழித்தவர்களிடம் அவ்வேறுபாடு மறைந்துபோனது. நல்ல எண்ணெயை உண்டபோதும், கெட்ட கொழுப்பை உண்டாற்போலவே உடல் எதிர்வினை காட்டியது.

‘நேற்று ஒத்துக்கொண்ட உணவு இன்று ஏன் தொல்லை தருகிறது?’ என்று நோயாளர் பலர் கேட்பதுண்டு. உணவு அதேதான், அதை ஏற்கும் உடலின் நிலை மாறியிருக்கிறது என்பது அதற்கான விடைகளுள் ஒன்று.

அச்சமும் உண்ணுகிறது

ஓர் உணவால் இருமுறை வலி கண்டவர், மூன்றாம் முறை அதைக் கண்டதுமே பதறுவது இயல்பு. அப்பதற்றமே மேலே கூறிய வழியில் குடலைத் தூண்டும். இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் நடந்து 2024இல் வெளியான ஓர் ஆய்வில், சீலியாக் நோய் இல்லாமலே தமக்குக் குளூட்டன் சேராது எனக் கூறியவர்களுக்கு ரொட்டி கொடுக்கப்பட்டது. ரொட்டியில் குளூட்டன் உண்டென்று சொல்லப்பட்டு, அது உண்மையிலேயே இருந்த குழுவினருக்கே தொல்லை மிகுதியாக இருந்தது. குளூட்டன் இருந்தும் அதில் இல்லையென்று நம்பி உண்டவர்களுக்குத் தொல்லை குறைவாக இருந்தது. அவர்கள் எவரும் நடிக்கவில்லை. எதிர்பார்ப்பும் உடலில் வேலை செய்கிறது.

நம் வீடுகளில் இந்த அச்சத்திற்கு அறிவுரைகளும் துணை சேர்கின்றன. கத்தரிக்காய் கரப்பான், உருளைக்கிழங்கு வாயு, முட்டை சூடு, தயிர் குளிர்ச்சி என்று ஒவ்வோர் உறவினரும் ஒன்றைச் சொல்ல, தட்டில் மிஞ்சுவது வெறுஞ்சோறு. அதன் விளைவு மெல்லத் தெரியும். புரதம் குறைந்து தசை மெலியும். இரும்பும் பி12 வைட்டமினும் குறைந்து சோகையும் களைப்பும் வரும். பி12 குறைவே மனச்சோர்வு போன்ற நிலையை உண்டாக்கவும் கூடும். விருந்துக்குப் போக மனமின்றி, குடும்பத்துடன் அமர்ந்து உண்ண மனமின்றித் தனித்துப் போகிறவருக்குச் சோர்வு இன்னும் கூடும்.

உணவை அகலப்படுத்துவது மனத்திற்கும் உதவலாம். ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா குழுவினர் மனச்சோர்வுடைய 67 பேரிடம் 12 வாரங்கள் ஆய்வு நடத்தி, 2017இல் வெளியிட்டனர். முழுத்தானியம், காய்கனி, பருப்பு, கொட்டைகள், மீன் ஆகியவை நிறைந்த உணவுக்கு வழிகாட்டப் பெற்றவர்களில் 32 விழுக்காட்டினர் நோய் தணிந்த நிலையை எட்டினர். உரையாடல் துணை மட்டும் பெற்றவர்களில் அது 8 விழுக்காடு. அவர்களில் பெரும்பாலோர் வழக்கமான சிகிச்சையையும் பெற்று வந்தனர், ஆய்வும் சிறியது. எனவே உணவு மருந்துக்கு மாற்றாகாது, துணையாகும்.

எந்தப் பரிசோதனை வேண்டும்?

உண்ட சிறிது நேரத்தில் தடிப்போ வீக்கமோ மூச்சிரைப்போ வந்திருந்தால், ஒவ்வாமை மருத்துவரின் மேற்பார்வையில் தோல் குத்துப் பரிசோதனையோ ஐஜிஇ இரத்தப் பரிசோதனையோ தேவைப்படும். தோல் பரிசோதனைக்கு முன் ஒவ்வாமை மாத்திரைகளைச் சில நாள்கள் நிறுத்த வேண்டியிருக்கும். மனச்சோர்வு மருந்துகளில் சிலவும் முடிவை மாற்றக்கூடும் என்பதால், நீங்கள் உண்ணும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் கூறுங்கள். எதையும் தாமாக நிறுத்த வேண்டாம்.

சீலியாக் நோய்க்கு முதலில் ஓர் எளிய இரத்தப் பரிசோதனை உண்டு. அதற்கு முன் கோதுமையை நிறுத்திவிட்டால், நோய் இருந்தாலும் முடிவு இயல்பெனக் காட்டும். ஆகவே பரிசோதனை முடியும்வரை கோதுமை உணவை வழக்கம்போல் உண்ண வேண்டும்.

நூறு, இருநூறு உணவுகளுக்கு ஒரே இரத்த மாதிரியில் முடிவு சொல்வதாக விற்கப்படும் ஐஜிஜி பரிசோதனைகள் வேண்டாம். ஓர் உணவுக்கு ஐஜிஜி இருப்பது, அதை நீங்கள் உண்டு பழகியிருக்கிறீர்கள் என்பதற்கே அடையாளம். ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமைக் கழகத்தின் வல்லுநர் குழு 2008இலேயே அறிவித்தது. அதன் முடிவை நம்பி இருபது உணவுகளை விட்டவர்கள், பணத்தையும் உடல்நலத்தையும் சேர்த்தே இழக்கின்றனர்.

மருந்துகள் பற்றிச் சில சொற்கள்

மனச்சோர்வு மருந்துகளைத் தொடங்கிய முதல் இரு வாரங்களில் குமட்டல், வயிற்றுப்போக்கு, வயிற்று எரிச்சல் தோன்றலாம். இதை உணவு ஒவ்வாமை எனத் தவறாக எண்ணி உணவையோ, பயந்து மருந்தையோ நிறுத்துவோர் உண்டு. பெரும்பாலோருக்கு இது தானே தணியும். உணவுக்குப்பின் மருந்தை உண்டால் குறையும். மனத்தில் மருந்தின் பயன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம்.

வயிற்று வலிக்காக வந்தவருக்கு மருத்துவர் சிறிய அளவில் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தால், ‘எனக்கு மனநோய் என்கிறாரா?’ என்று வருந்த வேண்டாம். இங்கிலாந்தில் எரிச்சல்மிகு குடல் நோயுடைய 463 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், மிகக் குறைந்த அளவிலான இம்மருந்து வெறும் மாத்திரையைவிடக் குடல் தொல்லையை நன்கு தணித்தது. குடலுக்கும் மூளைக்கும் இடையே வலியைக் கடத்தும் நரம்புகளை அது அமைதிப்படுத்துகிறது.

நீங்கள் செய்யக்கூடியவை

நான்கு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு எழுதுங்கள். உண்ட நேரம், உண்டது, தொல்லை தொடங்கிய நேரம் ஆகியவற்றுடன், முந்திய இரவின் உறக்கத்தையும் அன்றைய மனநிலையையும் எழுதுங்கள். உணவை மட்டும் எழுதினால் உணவே குற்றவாளியாகத் தெரியும். உறக்கத்தையும் மனநிலையையும் சேர்த்து எழுதும்போதுதான் முழு உண்மை தெரியும்.

ஓர் உணவை ஐயுற்றால் அதை மட்டும், உணவியல் வல்லுநரின் துணையுடன், சில வாரங்கள் விலக்கிப் பாருங்கள். பின்னர் மனம் அமைதியாக உள்ள நாளில் சிறிதளவிலிருந்து மீண்டும் சேருங்கள். விலக்குவது பாதி வேலை. திரும்பச் சேர்ப்பதில்தான் அது நிறைவுறும். கடும் ஒவ்வாமை கண்ட உணவை மட்டும் வீட்டில் ஒருபோதும் சோதித்துப் பார்க்கக் கூடாது.

உண்ணும் வேளையை ஒழுங்காக்குங்கள். கைப்பேசியும் கணக்கு நோட்டும் இன்றி, உட்கார்ந்து மென்று உண்ணுங்கள். உண்பதற்கு முன் ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சை இழுத்து நீண்டதாக வெளிவிடுவது, இரைப்பையையும் குடலையும் அமைதிப்படுத்தும் வேகஸ் நரம்புக்கு உதவும். நாள்தோறும் நடைப்பயிற்சியும் ஒரே நேரத்தில் உறங்கச் செல்வதும் மருந்துக்கு இணையான கவனத்திற்கு உரியவை. இவற்றால் தீராத சோர்வுக்கு மனநல மருத்துவரை நாடுவதில் தயக்கம் வேண்டாம்.

குடும்பத்தாருக்கு

“எல்லாம் உன் மனசுதான்” என்ற சொல், உண்மையின் ஒரு பகுதியைக் கொண்டிருந்தாலும், கேட்பவருக்கு ‘நீ பொய் சொல்கிறாய்’ என்றே ஒலிக்கிறது. “வலிக்கிறது என்பதை நம்புகிறேன், மனமும் களைத்திருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்து மருத்துவரைப் பார்ப்போம்” என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கென்று தனியே கஞ்சி வைப்பதைக் காட்டிலும், வீட்டார் அனைவரும் உண்ணக்கூடிய எளிய உணவைச் சமைத்து உடன் அமர்ந்து உண்பது நல்லது. உண்ணும்படி வற்புறுத்தவும் வேண்டாம்; ஒவ்வொரு கவளத்தையும் கண்காணிக்கவும் வேண்டாம்.

வாழ்வில் பிடிப்பில்லை என்றோ, தாம் இல்லாமலிருந்தால் நல்லது என்றோ அவர் பேசினால் அதைக் கடந்து போகாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் பிறந்துவிடாது. அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

உடனே 108ஐ அழைக்க வேண்டியவை: உண்டபின் உதடு, நாக்கு, தொண்டை வீங்குதல், மூச்சிரைப்பு, குரல் கம்முதல், தலைசுற்றி மயங்குதல். மருத்துவர் முன்பே அட்ரினலின் ஊசி கொடுத்திருந்தால் தொடையின் வெளிப்புறத்தில் உடனே செலுத்துங்கள். கைவைத்தியம் செய்து நேரத்தை இழக்க வேண்டாம்.

விரைவில் மருத்துவரைக் காண வேண்டியவை: மலத்தில் இரத்தம், முயலாமலே எடை குறைதல், உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, சோகை, விழுங்குவதில் சிரமம், 50 வயதுக்குப்பின் புதிதாகத் தோன்றிய குடல் தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய் அல்லது சீலியாக் நோய். இவை இருக்கும்போது காரணத்தை மனத்தின்மேல் ஏற்றிவிட்டு இருத்தல் கூடாது.

தொடக்கத்தில் கண்டவரிடம் எடைக் குறைவு இருந்தது. எனவே அவருக்கு முதலில் வேண்டியவை இரத்தப் பரிசோதனைகளும் குடல் பரிசோதனையும். அவை இயல்பெனத் தெரிந்தபின், வலிக்கும் சோர்வுக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை தொடங்க வேண்டும். உணவியல் வல்லுநர் அந்தப் பட்டியலைக் கையில் வாங்கி, இரு வாரங்களுக்கு ஒன்றாக ஒவ்வோர் உணவையும் திரும்பச் சேர்க்க வழி சொல்வார். முதலில் ஒரு முட்டை, பிறகு கொஞ்சம் மீன் குழம்பு, பிறகு வீட்டார் எல்லாரும் உண்ணும் கத்தரிக்காய்க் கூட்டு. அடுத்த முறை வரும்போது அந்தத் தாளையும் அவர் கொண்டுவர வேண்டும். எத்தனை பெயர்களை அடித்துவிட்டார் என்று பார்ப்பதற்கு.